முட்டைப் பெட்டியில் தோசைமா

நியூசிலாந்தில் பாம்பு இல்லை. காட்டில் இல்லை, மிருகக்காட்சிச்சாலையில் இல்லை, வீட்டில் வளர்க்கவும் சட்டம் விடாது. இந்த ஒன்றுக்காகவே ஆஸ்திரேலியாவை விட்டு இங்கே வந்ததாகச் சொல்லும் தமிழர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அந்தச் சட்டம் தன்னை மனதில் வைத்தே எழுதப்பட்டது என்பது என் மனைவி றொஷானியின் எண்ணம். ரொறன்ரோவில் அவளுடைய மச்சாள் தாரிணி, 'பால் பைதன்' என்ற பாம்பு வளர்க்கிறாள். ஆளைக் கண்டால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சாதுவான மலைப்பாம்பு. தாரிணியின் பேஸ்மென்டில் அவை முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் வீடியோவாக வரும். றொஷானி அவற்றைச் சாப்பிடும்போது பார்ப்பாள். எனக்குச் சாப்பாடு இறங்காது. வாழ்க்கையில் ஒரு முறையாவது தானும் முட்டை வைத்துப் பொரிக்கவேண்டும் என்பாள்.

சட்டம் பல்லியை விட்டிருந்தது. லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் புள்ளி, தடித்த வால், சுவரில் ஏறத் தெரியாத கால். புக்கெகோஹியில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இவற்றை வளர்த்து விற்கும் ஜோய்ஸ் என்ற வயதான வெள்ளைக்காரியிடம் ஒரு சோடி வாங்கினோம். ஆண், வந்த நாள் முதல் ஒரு மூலையில் நின்று எல்லோரையும் முறைத்தது. றொஷானி அதற்குத் தன் பள்ளிக்கூடத்து உப அதிபரின் பெயரை வைத்தாள்: இரத்தினசிங்கம். பெண்ணின் நடையைப் பார்த்து அன்னம் என்றாள். அன்னம் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தது.

ஒடாஹுஹுவில் எங்கள் யூனிட்டுக்கு முன்னால் யாரோ ஒரு சின்னக் குளிர்பெட்டியை எறிந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, இரண்டு தட்டு. பியர் வைப்பதற்கானது. இப்போது குளிராது. றொஷானி அதை உள்ளே இழுத்துவந்து, சூடாகும் வயரைச் சுற்றி, வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றைப் பக்கத்தில் மாட்டினாள். அடைகாக்கும் பெட்டி தயார். பெப்ரவரியில் இரண்டு பல்லிகளையும் ஒரே தொட்டியில் விட்டாள்.

ஏப்ரலில் அவள் இறந்தாள். தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் வராது.

முப்பத்தொரு நாளும் வீட்டுக்குச் சோறு வந்தது. எங்கள் ஜெபக்குழு முறைவைத்துக் கொண்டுவந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. முப்பத்திரண்டாம் நாள் பெண் வந்தது. நேரில் அல்ல, சிறில் அண்ணனின் கைப்பேசியில்.

சிறில் அண்ணன் ஜெபக்குழுவின் தலைவர். கிரேட் சவுத் ரோட்டில் ஜப்பானில் ஓடிய பழைய கார்களை இறக்கி விற்கிறார். அந்த அனுபவத்தை மற்றத் துறைகளுக்கும் கொண்டுபோவார். படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளை ஒரு கை மாறினது, ஆனால் நல்ல கண்டிஷன் என்பார். விவாகரத்தான பெண்களைத்தான் எனக்குக் காட்டினார். பாவித்ததற்குப் பாவித்தது. மணமாகாத பெண்ணைக் கேட்கும் தகுதி எனக்கு ஒரு வருடம் போனால் வரலாம் என்றும், அதுவரை விலை கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும் என்றும் ஆறுதல் சொன்னார்.

நான் தலையாட்டினேன். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். அது சம்மதம் அல்ல. கழுத்து தானாகச் செய்தது. ஆல்பனியில் என் அலுவலகத்தில் இதற்காக எனக்குப் பதவி உயர்வு தந்தார்கள். குழுவோடு ஒத்துப்போகிறவன் என்று எழுதியிருந்தார்கள்.

றொஷானியின் தாய் ராசமணி மாமி மன்னாரிலிருந்து அடக்கத்துக்கு வந்தவர். பிறகு விசாவை நீட்டி என்னோடு தங்கிவிட்டார். சாப்பிட்டீங்களோ தம்பி என்று கேட்பார். சாப்பிட்டேன் மாமி என்பேன். பெரும்பாலான நாட்களில் எங்களுக்கிடையே இருந்த முழுக் கதையும் அவ்வளவுதான்.

ஜூலையில் இரத்தினசிங்கம் செத்தது. வயதாகிவிட்டது என்றார் ஜோய்ஸ். தேசிக்காய் மரத்தடியில் புதைத்தேன். யாரும் சோறு கொண்டுவரவில்லை. அன்னத்துக்கு வரன் எதுவும் வரவில்லை.

செப்டெம்பரில் அன்னம் தோண்டத் தொடங்கியது. தொட்டிக்குள் ஈரப்பாசி நிரப்பிய ஒரு டப்பா இருந்தது. அதற்குள் போய் இரண்டு நாள் மண்வெட்டிக்காரியைப் போல வேலை செய்தது. பிறகு ஒரு காலை வயிறு ஒட்டி வெளியே வந்தது. உள்ளே இரண்டு முட்டைகள். வெள்ளை, நீளம், தோல் போன்ற ஓடு.

நான் ஜோய்ஸைக் கூப்பிட்டேன். ஆண் போய் இத்தனை நாளாகிவிட்டதே என்றேன். அவர் சிரித்தார். இந்த இனத்தில் பெண் ஆணின் விதையை மாதக்கணக்கில் உடம்புக்குள் பத்திரமாக வைத்திருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் என்றார். பிறகு செய்யவேண்டியதைச் சொன்னார். முட்டை இருக்கிற நிலையிலேயே தூக்கவேண்டும். மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கவேண்டும். கோழிமுட்டைபோலத் திருப்பக்கூடாது, உள்ளே கரு மேல்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், புரட்டினால் மூழ்கிச் செத்துவிடும். சூடு குறைவாக இருந்தால் பெண், கூடினால் ஆண், முப்பதில் வைத்தால் எதுவும் வரலாம். கடைசியாக, கைப்பேசி வெளிச்சத்தை அடியில் பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

பிடித்தேன். ரோஸ் நிறம். நடுவில் ஒரு சிவப்பு வளையம், அதிலிருந்து மயிரிழைபோல நரம்புகள். இரண்டிலும் இருந்தன. இனி இடும் முட்டைகளில் உயிர் இருக்காது, இவைதான் கடைசி என்றார் ஜோய்ஸ்.

இவை பொரிக்கவேண்டும் என்று நினைத்தேன். ஏப்ரலுக்குப் பிறகு ஏதாவது ஒன்று வேண்டும் என்று நான் நினைத்தது அதுதான்.

ஈரமாக்கிய மண்துகள் நிரப்பிய டேக்அவே பெட்டியில் இரண்டையும் பதித்து, றொஷானியின் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். பிளக்கைப் போட்டேன். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் முப்பது எரிந்தது.

அந்தப் புதன்கிழமை ஜெபக்குழு எங்கள் வீட்டில் கூடியது. செபமாலை முடிந்து தேநீர் வந்ததும் சிறில் அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா தொட்டியைப் பார்த்தார், முட்டைகளைப் பார்த்தார், ஆண் எங்கே என்று கேட்டார். ஜூலையில் செத்துப்போனது என்றேன். அவர் விரல் மடித்தார். மற்றப் பெண்களும் மடித்தார்கள்.

நான் விஞ்ஞானத்தை விளக்கினேன். பஸ் பிந்திவிட்டது என்று சொல்லும் பெண்பிள்ளையின் விளக்கத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். தொட்டி ஏன் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். தோட்டத்துப் பல்லிகள் உள்ளே வருமோ என்று இன்னொருவர். அது பல்லிதான், இருந்தாலும் கணவன் செத்த சூடு ஆறமுதல் இப்படியா என்று பிலோமினா அக்கா கவலைப்பட்டார். இதே நேரத்தில் அதே சோபாவில் சிறில் அண்ணன் எனக்கு ஒரு பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆம்பிளை தனிய இருந்தால் வீடு பாழாகிவிடும் என்றார்.

சமையலறை வாசலில் நின்ற ராசமணி மாமிதான் இதை முடித்துவைத்தார்.

"அது இரத்தினசிங்கத்தின்ர முட்டைதான்," என்றார். "நான் இந்த வீட்டிலதானே இருக்கிறன். ஒருத்தரும் வரேல்லை."

மாமி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் முன் யூனிட்டில் இருப்பவர் ஆனந்தவல்லி. கும்பகோணத்துக்காரர். கணவர் தண்டபாணி கணினித் துறை. ஆனந்தவல்லிக்கு இந்த நாட்டில் வீடு, கார், குடியுரிமை எல்லாம் கிடைத்துவிட்டன. மாவு மட்டும் பொங்கவில்லை. ஆக்லாந்துக் குளிரில் இட்லி மாவு புளிக்காது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தார். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் ஹாட் வாட்டர் கப்போட்டில் வைத்தார். கம்பளி சுற்றினார், ஹீட்டருக்கு முன்னால் இருத்தினார். இட்லி கல்லாகவே வந்தது. தண்டபாணி அதைப் பத்து வருடமாகப் புகழ்ந்து சாப்பிட்டு வந்தார்.

ஒரு நாள் பாத்திரம் திருப்பிக்கொடுக்க வந்தவர் பெட்டியின் முன்னால் நின்றார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். முட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. சிவப்பு முப்பதையும், காலியாக இருந்த கீழ்த்தட்டையும் பார்த்தார்.

அன்று மாலை ஒரு சின்னத் தூக்குச்சட்டியோடு வந்தார். ஒரே ஒரு தடவை என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனந்தவல்லி அதைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார்.

"பத்து வருஷமா நான் இந்த ஊர்ல இட்லின்னு என்னத்தத் தின்னேன்னு இப்பதான் தெரியுது தம்பி," என்றார். "அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அதுக்கு இருக்கு இன்னிக்கி."

செய்தி பரவியது. றொஷானி இறந்த செய்தி பரவ ஒரு பகல் எடுத்தது. இது அவ்வளவு எடுக்கவில்லை. மறுநாளே பிலோமினா அக்கா வந்தார். இந்தியாக்காரிக்கு இடம் இருக்கிறது, சொந்தச் சபைக்கு இல்லையோ என்று வருத்தப்பட்டார். தலையாட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டுப் பின்கதவு பூட்டப்படவில்லை. செவ்வாய், வியாழன் தமிழ்நாட்டுக்கு. புதன், வெள்ளி யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும். சனி யார் முந்துகிறாரோ அவருக்கு. மலேசியத் தமிழர் ஒருவர் மவுன்ட் றொஸ்கில்லிலிருந்து காரில் வந்து, தனக்கும் ஒரு நாள் கிடைக்குமா என்று தாழ்மையாகக் கேட்டார்.

இரு தரப்புக்கும் இடையே மனக்கசப்பு வந்தது. எங்கள் ஆட்கள் வெந்தயம் கூடப் போடுகிறார்கள், அந்த வாடை தன் மாவில் ஏறுகிறது என்றார் ஆனந்தவல்லி. அவவின்ர மா பொங்கி வழிந்து தட்டெல்லாம் பிசுபிசுக்கிறது என்றார் பிலோமினா அக்கா. எல்லோரும் என்னிடம் வந்து சொன்னார்கள். எப்படி இருக்கிறீர்கள் தம்பி என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு காலியாகிப்போன வீடு நிறைந்துவிட்டது. துக்கத்திலிருந்து மெல்ல வெளியே வருகிறேன் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

ஆண்களுக்கு மாவில் அக்கறை இல்லை. அவர்கள் தெர்மோஸ்டாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரு குமிழைத் திருப்பினால் ஆணா பெண்ணா என்று முடிவாகும் என்று தெரிந்ததும் சிறில் அண்ணன் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆம்பிளையாக்க வழி கையில் இருக்கும்போது ஏன் நடுவில் விட்டு வைத்திருக்கிறேன் என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவருக்கு மூன்று பெண்கள். பெண்பல்லிக்குத்தான் கடையில் மதிப்பு என்று தண்டபாணி இணையத்தில் தேடிச் சொன்னார். சிறில் அண்ணனுக்கு அந்தச் சந்தை பிடிபடவில்லை. யாரும் குமிழைத் தொடவேண்டாம் என்று நான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போகுமுன் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பென்சில் புள்ளிகள் மேலே இருக்கும். முட்டைகள் மெல்லப் பருத்துக்கொண்டு வந்தன. வளர்கின்றன என்றார் ஜோய்ஸ். சில காலைகளில் மாமியும் பின்னால் வந்து நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

ஒக்டோபர் நடுவில் சிறில் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். பெண்ணின் பெயர் கஜந்தினி. இங்கேயே வளர்ந்தவர், பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை. திருமணமாகி ஒரு வருடத்துக்குள் பிரிந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வருவார்கள், வீட்டையும் பார்த்ததாயிற்று என்றார். பாலப்பம். மாவைப் பிலோமினா அக்கா சனிக்கிழமையே கரைத்துக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பார். நான் தலையாட்டினேன். சனிக்கிழமை எனக்கு ஆல்பனியில் வேலை இருந்தது. திரும்பும்போது களைத்திருந்தேன், கூடம் இருட்டாக இருந்தது, பெட்டியைப் பார்க்காமல் படுத்துவிட்டேன். ஞாயிறு காலை பூசைக்குப் பிந்திவிட்டதென்று மாமி அவசரப்படுத்தினார்.

பூசையிலிருந்து திரும்பி வரும்போது கூடம் நிறைந்திருந்தது. கஜந்தினி தாயோடு சோபாவில் இருந்தார். சிறில் அண்ணன் அவர்களுக்கு ஜன்னல்களின் தரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நான் பெட்டியிடம் போனேன். இரண்டு பெரிய பேசின்கள், தட்டுக்கு ஒன்று. மா பொங்கிக் கண்ணாடியில் அப்பியிருந்தது. முட்டைப் பெட்டி இல்லை.

எங்கே என்று கேட்டேன். எந்தப் பெட்டி என்றார்கள். மறுபடியும் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அதுவோ? நான் பத்திரமா எடுத்து வைச்சிட்டன் தம்பி," என்றார் பிலோமினா அக்கா. "இடம் காணேல்லை. முட்டை எண்டா ஃப்ரிட்ஜுக்குள்ளதானே வைக்கிறது. மண்ணுக்குள்ள கிடந்துது, அதையும் கழுவித்தான் வைச்சனான்."

சமையலறைக் குளிர்சாதனப்பெட்டியைத் திறந்தேன். கதவில் முட்டைத் தட்டு. கோழி முட்டைகளுக்கு நடுவே இரண்டு குழிகளில் அவை நின்றுகொண்டிருந்தன. செங்குத்தாக. சுத்தமாக. பென்சில் புள்ளி இல்லை.

கையில் எடுத்தேன். கல்லைப்போலக் குளிர்ந்திருந்தன. எது மேல்பக்கம் என்று தெரியவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எந்தப் பக்கம் வைத்தாலும் அது பிழையான பக்கமாக இருக்கலாம்.

"உள்ள பார்க்க ஏலாதோ?" என்று ஒரு குரல் கேட்டது. கஜந்தினி வாசலில் நின்றார். "டோர்ச் இருக்கு. எப்பிடிப் பிடிக்கிறது எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் கைப்பேசியை அடியில் பிடித்தார். மாமி வந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினார். முதல் முட்டையில் நரம்புகள் மங்கியிருந்தன. ஒரு பக்கமாகக் கறுப்பாக ஏதோ கிடந்தது. இரண்டாவதில் நரம்புகள் தெளிவாகத் தெரிந்தன. கறுப்பு நிழல் ஓட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதுதான் மேல். அந்த நிழல் அசைந்ததா, விளக்கு அசைந்ததா தெரியவில்லை. மாமி தன் சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்துத் தந்தார். ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

புள்ளி வைத்தேன். முட்டைகளைக் கஜந்தினியின் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். பேசின்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக்கொண்டுபோய்ச் சிறில் அண்ணனின் காரின் பொனட்டில் வைத்தேன். நல்ல கண்டிஷன் கார். மா இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் வழிந்து முன்விளக்குக்கு இறங்கியது. திரும்பி வந்து, கீழ்மூலையில் இருந்த ஆனந்தவல்லியின் தூக்குச்சட்டியையும் எடுத்து வாசலில் வைத்தேன்.

"எல்லாரும் போங்கோ," என்றேன்.

"தம்பி, சபைக்கு முன்னால என்ன இது," என்றார் சிறில் அண்ணன். "ரெண்டு பல்லி முட்டைக்கோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு பல்லி முட்டைக்குத்தான்."

அவர் எனக்குப் பின்னால் ராசமணி மாமியைப் பார்த்தார், பெரியவர் நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. மாமி போய் முன்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாகப் போனவர் கஜந்தினி. முட்டைகளைப் பெட்டிக்குள் வைக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாய் காருக்குள்ளிருந்து இரண்டு முறை ஹோர்ன் அடித்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றார். "இதுவரைக்கும் நடந்த பொம்பிளை பார்க்கிறதுகளில இதுதான் எனக்குப் பிடிச்சது."

அன்று மாலையே ஜெபக்குழுவின் வாட்ஸப்பில் எனக்காக மன்றாடும்படி ஒரு செய்தி வந்தது. குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார்கள். பலர் கூப்பிய கைகளை அனுப்பினார்கள். ஒருவர் மனநல ஆலோசகர் ஒருவரின் எண்ணை அனுப்பினார். இன்னொருவர், இனி மாவை எங்கே வைப்பது என்று கேட்டார். அதற்குத்தான் நிறையப் பதில்கள் வந்தன.

பிறகு யாரும் வரவில்லை. பின்கதவைப் பூட்டினேன். வீடு பழையபடி ஆனது.

முதல் முட்டை ஒரு வாரத்தில் பச்சை பூத்து அமுங்கிவிட்டது. எடுத்துவிடச் சொன்னார் ஜோய்ஸ். எடுத்தேன். மற்றது வெள்ளையாகவே கிடந்தது. குளிரில் ஓர் இரவு முழுக்க இருந்ததைச் சொன்னேன். நம்பவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், இனி வெளிச்சம் பிடித்துப் பார்க்காமல் விடு என்றார்.

பார்க்காமல் விட்டேன். ஆனால் ஒரு சாப்பாட்டு மேசைக் கதிரை பெட்டிக்கு முன்னால் போயிருந்தது. மாலையில் வரும்போது மாமி அதில் இருப்பார். கீரை ஆய்வார். தொலைபேசியில் மன்னாரோடு பேசுவார். ஒரு நாள் உள்ளே வரும்போது அவர் முட்டையோடு கதைத்துக்கொண்டிருப்பது கேட்டது. மீன் விலையைப் பற்றி ஏதோ. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டீங்களோ தம்பி என்றார்.

நவம்பரில் ஜோய்ஸ் சொன்ன காலம் வந்து, கடந்தும் போனது. முட்டையில் ஒரு பள்ளம் விழுந்தது. மேலே வியர்வைபோல நீர் துளித்தது. பொரிக்கப்போகும் முட்டையும் அப்படித்தான் இருக்கும், செத்த முட்டையும் அப்படித்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். எனக்குக் கிடைத்தது எது என்று நான் முடிவுசெய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியை நிறுத்திவிடுவோம் மாமி என்றேன்.

"கிடக்கட்டும் தம்பி," என்றார் மாமி. "கரண்டுக் காசு நான் தாறன்."

அவரிடம் காசு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கிடந்தது.

செவ்வாய்க்கிழமை ஆல்பனியில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. மாமி. வந்ததிலிருந்து அவர் ஒரு நாளும் என்னை வேலையில் கூப்பிட்டதில்லை.

"தம்பி," என்றார். "கிழிச்சிட்டுது."

என்ன என்று கேட்டேன். முட்டையின் ஓட்டைக் கிழித்துவிட்டது, மூக்கு வெளியே தெரிகிறது, தான் தொடவில்லை, தொடலாமோ என்று கேட்டார். தொடவேண்டாம் என்றேன். மேலாளர் ஏதோ கேட்டார். முதல் முறையாக அவரிடம் இல்லை என்றேன். கேள்வி என்னவென்று இன்றும் தெரியாது. காரை எடுத்தேன், துறைமுகப் பாலத்தில் நெரிசல். எல்லா வண்டிகளும் எனக்கு முன்னால்தான் இருந்தன.

வீட்டுக்கு வரும்போது அது அநேகமாக வெளியே வந்திருந்தது. விரல் நீளம். புள்ளிகள் இல்லை, குஞ்சுக்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள்தான் இருக்கும். வால் மட்டும் இன்னும் ஓட்டுக்குள். கண்கள் பெரிது. நான் கதவைத் திறந்ததும் நான்கு காலிலும் எழும்பி, வாயைத் திறந்து, எங்களைப் பார்த்துக் கத்தியது. கிறீச்சென்று, கோபமாக. மாமி ஒரு அடி பின்னால் போய்ச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு இரண்டு அடி முன்னால் வந்தார்.

பசிக்கிறது, என்ன கொடுப்பது என்று கேட்டார். முதல் தோல் உரியும்வரை ஒன்றும் சாப்பிடாது என்றேன். பிறந்த பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவதா என்று என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்த வெள்ளைக்கார மனிசியிடம் கேளுங்கள் என்றார்.

ஜோய்ஸைக் கூப்பிட்டேன். பொரித்துவிட்டது என்றேன். ஒன்றா என்றார். ஒன்று என்றேன். அவர் வாழ்த்துச் சொன்னார். உன் மனைவிக்கும் சொல் என்றார். பல்லி வாங்கப் போனபோது பேசியதெல்லாம் றொஷானிதான். ஏப்ரலைப் பற்றி நான் ஜோய்ஸிடம் சொன்னதே இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். வரவேண்டிய சொற்கள் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. ஹலோ, ஹலோ, இருக்கிறாயா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாமி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார். அவர் ஆங்கிலத்தில் யாரோடும் பேசி நான் கேட்டதில்லை.

"ஹலோ மேடம்," என்றார். "ஹி இஸ் ஓகே. க்ரையிங் ஒன்லி."

மறுபக்கம் ஜோய்ஸ் ஏதோ கேட்டார். மாமி நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றக் கை என் முதுகில் இருந்தது.

"மை டோட்டர்," என்றார். "யெஸ். ஏப்ரல்." பிறகு குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "யெஸ் மேடம். வன் பேபி. வெரி அங்ரி."